எந்தச் செயலி போட்டால் முழுப் பாதுகாப்பு? ஒரு தாயின் கேள்வி

வணக்கம். இன்றைக்கு நாலைந்து கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் முதல் கேள்வியிலேயே நேரம் போய்விடும் போலிருக்கிறது. கடவுச்சொல் பற்றிப் போன வாரம் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு தாய் எழுதி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"சார், என் மகனுக்குப் பதினோரு வயது. இந்த ஆண்டிலிருந்து பள்ளியில் டேப்லெட்டில்தான் பாடம். அதை வீட்டுக்கும் கொண்டுவருகிறான். எந்தக் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டால் முழுப் பாதுகாப்பு கிடைக்கும்? அவனுக்குத் தெரியாமல் அவனுடைய செய்திகளைப் பார்க்க வழி உண்டா?"

இதில் 'முழுப் பாதுகாப்பு' என்கிற சொல் இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

அம்மா, அந்த டேப்லெட் பள்ளியுடையது என்றால் உங்களால் அதில் எதையும் போடவே முடியாமல் இருக்கலாம். எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் நிர்வாகக் கணக்கு பெரும்பாலும் பள்ளியின் கையில்தான் இருக்கும். அதனால் கடைசி வரை செயலி தேடுவதைவிட, பள்ளியில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "வேண்டாத தளங்களைத் தடுக்கும் உங்கள் வடிகட்டி டேப்லெட்டுக்குள் இருக்கிறதா, பள்ளி வைஃபையில் இருக்கிறதா?" வைஃபையில் இருக்கிறது என்றால், பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டியதும் வடிகட்டியும் அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு வருவது வெறும் டேப்லெட். இது பல பெற்றோருக்குத் தெரியாது. சில ஆசிரியர்களுக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வீட்டு வைஃபையில் ஒரு வடிகட்டி, தேடுபொறியில் பாதுகாப்புத் தேடல், காணொளி தானாக அடுத்தடுத்து ஓடுவதை நிறுத்துவது, இவற்றையெல்லாம் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் வடிகட்டி என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். 1996-இல் அந்த ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்கிற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போய்விட்டது. காரணம், ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. ஊரையே வடிகட்டிவிட்டார்கள். இன்றைய வடிகட்டிகள் எவ்வளவோ தேறிவிட்டன, மறுக்கவில்லை. ஆனாலும் அவை பார்ப்பது சொல்லையும் படத்தையும் முகவரியையும்தான். "நீ நன்றாக விளையாடுகிறாயே, எந்தப் பள்ளி?" என்று விளையாட்டுக்குள் ஒருவன் கேட்கிறான். இதில் எந்த வார்த்தையை வடிகட்டுவீர்கள்?

இந்த இடத்தில் நம்முடைய பழைய ஆட்கள் சிரிப்பது தெரிகிறது. "ஆரம்பித்துவிட்டார், போனைப் பிடுங்கும் கதை வருகிறது" என்று. ஆமாம், வருகிறது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ. புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை.

நான் ஏழாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம். மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறான். நோட்டு அட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சார், என் நண்பனுக்கு ஒரு பிரச்சினை" என்றான். நண்பன் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். விளையாட்டில் பழகிய ஒருவன், தானும் ஏழாம் வகுப்புதான் என்று சொல்லியிருக்கிறான். "இங்கே வேண்டாம், வேறு செயலியில் பேசலாம்" என்று கூப்பிட்டிருக்கிறான். இந்தப் பிள்ளை போய், சீருடையோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறது. சட்டையில் பள்ளியின் பெயர். அடுத்த நாள் மிரட்டல் வருகிறது: "இதை அசிங்கமாக மாற்றி உன் பள்ளிக்கே அனுப்புவேன். பணம் வாங்கிக் கொடு." பதினொரு நாள் அந்தப் பையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதினொரு நாள்! நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா அம்மாவிடம் சொல்லலாமா?" என்றேன். அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் கேட்டது ஒன்றுதான். "சார், போனைப் பிடுங்கிவிடுவார்களா?"

கவனியுங்கள். மிரட்டியவனைப் பற்றி அவன் கேட்கவில்லை, படத்தைப் பற்றியும் கேட்கவில்லை. மிரட்டுகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். "உன் வீட்டில் சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்கள்" என்றுதான் அவன் பேச்சே தொடங்கும். அதாவது நம்முடைய கோபத்தைத்தான் அவன் ஆயுதமாக வைத்திருக்கிறான். அதை அவன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். எப்படி? ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில், பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். "இணையத்தில் ஏதாவது சங்கடமாக நடந்தால் என்னிடம் வா. தப்பு உன் பேரில் இருந்தாலும் வா. சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்ன பிறகு, அப்படி ஒரு நாள் வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டாவது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு முறை மீறினால் அடுத்த முறை வரமாட்டான். நான் நூறு தடவை சொன்னாலும் இதை நூற்றியோராவது தடவையும் சொல்வேன்.

அந்தப் பையனின் தந்தை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பள்ளிக்கு வந்தார், உட்கார்ந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்றார். அவ்வளவுதான். பையன் அப்போதுதான் அழுதான்.

அப்படி நடந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை வரும். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. திரையைப் படமெடுத்து வைத்துவிட்டு, அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்து, தடை செய்து, காவல்துறைக்குப் போங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் ஏதாவது வெளியே போயிருக்கிறது என்றால், 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் உள்ள ஒரு தேசிய மையம் நடத்துவது. 2023-இல் வந்தது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் உருவாகும். அந்த எண் மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். எல்லாத் தளங்களும் இதில் இல்லை. ஆனாலும் இப்படி ஒன்று இருப்பது தெரிந்தாலே பாதிப் பயம் போகும்.

இடையில் வயதைப் பற்றி ஒன்று. "பதிமூன்று வயதானால் கணக்குத் தொடங்கலாமாமே சார்?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பதிமூன்றில் புத்தி முதிர்ந்துவிடும் என்று யாரும் கண்டுபிடித்துச் சொன்ன எண் இல்லை அது. அமெரிக்காவில் 1998-இல் போட்ட ஒரு சட்டம், பதிமூன்று வயது நிரம்பாத பிள்ளையின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்றது. சம்மதம் வாங்கும் தலைவலி வேண்டாம் என்று நிறுவனங்கள் பதிமூன்றில் கோடு போட்டுவிட்டன. ஐரோப்பியச் சட்டத்தில் அது 16, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023 சட்டத்தில் 18. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குள் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2024-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். இத்தனை எண்களில் உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எந்தச் சட்டத்துக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால், அந்தத் தாய் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த டேப்லெட்டில் பள்ளியில் என்ன செய்கிறார்கள்?" அதை யாருமே கேட்பதில்லை. டேப்லெட் கொடுத்தார்கள் என்றதும் பாதிப் பேருக்குப் பெருமை, மீதிப் பேருக்குப் பயம். திரைப்படம் வந்த புதிதில், 1913-இலேயே, பள்ளிகளில் இனிப் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று எடிசன் சொன்னார். புத்தகம் இன்னும் இருக்கிறது. கருவி வந்ததாலேயே பாடம் மாறிவிடாது. புத்தகத்தில் இருந்த பக்கத்தையே டேப்லெட்டில் தள்ளிப் படிக்கிறார்கள் என்றால், கண்வலிதான் மிச்சம்.

ஒரு நல்ல வகுப்பைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியை ஒருவர், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார். சுவரில் ஒரு மீட்டர் அளவுகோல். அந்த உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும், டேப்லெட்டின் மெதுவோட்டத்தில் படம் பிடிக்க வேண்டும். வினாடிக்கு 240 சட்டகம், அதாவது 240 தனித்தனிப் படம். பந்து தரையைத் தொட அரை வினாடிகூட ஆகாது. அதை ஒவ்வொரு சட்டகமாகத் தள்ளி எண்ணினால் ஏறக்குறைய 108 வரும். ஒரு குழுவுக்கு 107, இன்னொன்றுக்கு 110, ஒரு குழுவுக்கு மட்டும் 131. அந்த நான்கு பேரும் தங்கள் படத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பிடித்துவிட்டார்கள். விரல் பந்தை விடுவதற்கு முன்பிருந்தே எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சிரித்தார். வெறும் கண்ணால் இதைப் பார்த்திருக்க முடியாது. அங்கே டேப்லெட்டுக்கு ஒரு வேலை இருந்தது.

பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நான்கு பேர் ஒரே திரையைப் பார்க்கும்போது அங்கே யாரும் வேண்டாத இடத்துக்குப் போவதில்லை. 1999-இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்கிற கல்வி ஆய்வாளர் ஓர் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, சேரிப் பிள்ளைகள் பக்கம் பார்த்தபடி ஒரு கணினியை வைத்தார். அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதில் கல்வியாளர்களுக்குள் இன்றும் தகராறு. எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்தத் திரை எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். பூட்டிய அறைக்குள் ஆயிரம் செயலி போட்ட டேப்லெட்டைவிட, கூடத்தில் இருக்கும் டேப்லெட் மேல்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, என் சொந்த அவமானத்திலிருந்து. ஒரு நாள் என் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூலையில் டிங் என்று ஒரு செய்தி. என் தம்பி அனுப்பியது, எங்கள் குடும்பச் சண்டை பற்றி, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், நல்ல பெரிய எழுத்தில். தகவல் காக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து வகுப்புக்குத் தனிக் கணக்கு, அறிவிப்புகள் எல்லாம் அணைப்பு.

சரி, கேள்வியின் கடைசிப் பகுதி. அவனுக்குத் தெரியாமல் பார்க்கலாமா? வேண்டாம் அம்மா. தெரிந்தே பாருங்கள். "உனக்குப் பதினோரு வயது, அதனால் இப்போதைக்கு நானும் பார்ப்பேன், வளர வளரக் குறைத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒளிந்து பார்ப்பது என்றைக்காவது வெளியே வரும். அன்றே அவன் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்குவான், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முழுப் பாதுகாப்பு தருகிறோம் என்று விற்கிற செயலி எதுவும் இதைப் பெட்டியின் மேல் எழுதுவதில்லை.

இரவில் எல்லாச் சாதனங்களும் படுக்கையறைக்கு வெளியே, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான். இதை நான் சொல்லும்போது காமிராவுக்குப் பின்னால் நிற்கிற என் மனைவி ஒரு மாதிரி பார்க்கிறார். என் போன் நேற்று இரவு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். சரி சரி, இன்றைக்கு அதுவும் கூடத்துக்குப் போகிறது. மற்ற கேள்விகள் அடுத்த வாரம்.