ஐந்து நாள் ஸ்டீராய்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும்

நேயர்களுக்கு வணக்கம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வருகிறது. இதில் ஸ்டீராய்டை எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது, அதை டிஸ்சார்ஜ் சம்மரி என்ற, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பார்ப்போம்.

மூச்சிரைப்பு திடீரென்று கூடி, சளி அதிகமாகி, வழக்கமான இன்ஹேலருக்கு அடங்காமல் போனால், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 40 மில்லிகிராம், ஐந்து நாள். 20 மில்லிகிராம் மாத்திரை என்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். முன்பு இரண்டு வாரம் கொடுப்பதுதான் வழக்கம். 2013-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஐந்து நாளையும் பதினான்கு நாளையும் ஒப்பிட்டது. அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி நோய் முற்றியவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 36, 37 பேர்தான். ஐந்து நாள் போதும், படிப்படியாகக் குறைக்கவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் போட்டவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கோளாறு நடப்பது அதற்கப்புறம். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை இளைப்பு வரும்போதும் கடையில் அதே மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். உடனே சுகம் தெரியும். எலும்பு தேய்வதும் கண்புரை வளர்வதும் தெரியாது.

இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு வேறு கணக்கு, அளவு மைக்ரோகிராமில். மாத்திரைக்குப் பயந்து இதை நிறுத்துவது தவறு. அதற்காக எல்லோருக்கும் தேவையும் இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி முற்றுகிறவருக்குப் பலன் அதிகம். 100-க்குக் கீழ் என்றால் பலன் குறைவு, நிமோனியா வரும் வாய்ப்பு கூடுதல். போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

இனி சம்மரிக்கு வருவோம். அதில் எழுதிய நோயின் பெயரை வைத்துத்தான் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஐ.சி.டி. 10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு போடுகிறார்கள். வெறும் "வீசிங்" என்று எழுதினால் ஆர் 06.2, அது அறிகுறி, நோயல்ல. "சி.ஓ.பி.டி." என்று மட்டும் எழுதினால் ஜே 44.9. திடீரென்று முற்றியது என்று எழுதினால்தான் ஜே 44.1. நிமோனியா போல நுரையீரல் தொற்றும் சேர்ந்திருந்தால் ஜே 44.0. அவசரமாக அட்மிட் ஆகி ஊசி, நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் கொடுத்துவிட்டு, காகிதத்தில் 44.9 என்று நின்றால், எதற்குப் படுக்கையில் சேர்த்தீர்கள் என்று இன்சூரன்ஸ் கேள்வி வருவது இயல்பு. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை செய்யாமலே ஜே 44 போடுவதும் சரியல்ல. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்பும், முதல் நொடியில் ஊதும் காற்றை மொத்தமாக ஊதும் காற்றால் வகுத்த விகிதம் 0.7-க்குக் கீழ் இருக்க வேண்டும். பழைய காசநோய்த் தழும்பால் வரும் இளைப்பு நம் ஊரில் ஏராளம். அதற்கு பி 90.9 தனியாக இருக்கிறது.

இன்னொரு சிக்கல் சர்க்கரை. காலையில் போட்ட பிரெட்னிசோலோன் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவு சாதாரணமாகவே இருக்கலாம். எனவே மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் உபயோகம். அந்த ஏற்றத்தைப் பார்த்து ஈ 11, அதாவது இரண்டாம் வகை நீரிழிவு, என்று பதிந்துவிட்டால் அது அந்த மனிதரோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே சர்க்கரை இருந்ததா என்பதை மூன்று மாத சராசரிச் சோதனை காட்டும். இல்லையென்றால் ஆர் 73.9, அதோடு ஸ்டீராய்டின் பக்கவிளைவு என்று ஒய் 42.0.

வீட்டுக்குக் கிளம்பும்போது, பிரெட்னிசோலோனின் கடைசித் தேதி சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.