அம்மாவின் பித்தமும் அப்பாவின் காதும்

வணக்கம். தாராவி 90 அடி சாலையிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையல் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் ஆறு மாதமாகக் காது புராணம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்தில் தகரம் தட்டுகிறார்கள், சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தமும் இந்தக் கதையில் வருகிறது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பரணில் இருந்த வெண்கலப் பானையை எடுக்க அம்மா அண்ணாந்து பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீடே சுழல்கிறதாம். அரை நிமிடத்தில் நின்றது. இரவு படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது மறுபடியும் அதே சுழற்சி. அத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: பித்தம். இஞ்சிச் சாறு வந்தது. பக்கத்து மருத்துவர் ஒருவர் இரத்த அழுத்தம் பார்த்தார், சரியாகவே இருந்தது. ஆனாலும் மூன்று வாரத்துக்குத் தலைசுற்றல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தின்று அம்மா பகலெல்லாம் தூங்கினார். சுற்றல் மட்டும் தூங்கவில்லை.

இப்போது ஒரு சின்னச் சோதனை. தொலைபேசியில் ஏதாவது எழுத்தைத் திறந்து, தலையை அசைக்காமல் தொலைபேசியை மட்டும் இடவலமாக வேகமாக ஆட்டிப் படியுங்கள். எழுத்துகள் கலங்கும். அடுத்து தொலைபேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறது அல்லவா? தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று உட்செவி கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது, கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. உட்செவியில் இந்த வேலையைச் செய்பவை முடிச் செல்கள். ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் புல் முளைத்ததுபோல நுண்ணிய இழைகள் நிற்கும். ஒவ்வொரு இழையையும் பக்கத்து இழையோடு ஒரு மெல்லிய கயிறு கட்டியிருக்கும். இழை சாயும்போது கயிறு இழுபட்டு ஒரு வாசல் திறக்கும், உள்ளே பொட்டாசியம் பாயும், நரம்புக்குச் செய்தி போகும்.

கேட்பதும் இதே செல்லால்தான், விழாமல் நிற்பதும் இதே செல்லால்தான். நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்லியாவில் ஒலி அந்த இழைகளைச் சாய்க்கிறது. மேலே இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களில், தலை திரும்பும்போது பின்தங்கும் திரவம் சாய்க்கிறது. குழல்களுக்கு அடியில் உள்ள இரண்டு பைகளில் கால்சியம் கார்பனேட் பொடிக் கற்கள் இழைகளின் மேல் படிந்திருக்கின்றன. எது கீழ், எது மேல் என்று சொல்வது அந்தக் கற்களின் எடை. நம் காதுக்குள் கல் இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் சிரித்துவிட்டேன்.

அம்மாவுக்கு நடந்தது, அந்தக் கற்களில் சில கழன்று ஒரு குழலுக்குள் உருண்டுவிட்டன. அண்ணாந்தால் கல் சரிகிறது, திரவம் நகர்கிறது, செல் "தலை சுழல்கிறது" என்று கத்துகிறது. மறு காது "இல்லையே" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூளை திண்டாடுகிறது. செல் பழுதாகவில்லை, பொய்த் தகவலுக்கு உண்மையாக வேலை செய்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவின் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்தார். கண்மணி துடித்துச் சுழன்றதைப் பார்த்து எந்தக் குழல் என்று கண்டுபிடித்தார். பிறகு தலையைப் படிப்படியாகத் திருப்பி, பக்கவாட்டில் புரட்டி, உட்கார வைத்தார். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1980-களில் சொல்லித் தந்த முறை இது. கல் குழலிலிருந்து வெளியேறிப் பைக்கே திரும்பிவிடுகிறது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூன்று வார மாத்திரைக் காசை நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தச் சுற்றலுக்கு மாத்திரை மருந்தே இல்லை.

இதைப் பார்த்து வீட்டிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். எல்லாத் தலைசுற்றலும் கல் அல்ல. பேச்சு குழறினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், நிற்கவே முடியாவிட்டால், அது மூளையில் இரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாவின் கதை வேறு. முப்பது வருடம் தகரப் பட்டறை. "பால் வாங்கினீர்களா?" என்று அம்மா கேட்டால், "கால் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். அம்மா குரலை உயர்த்தினால், "ஏன் கத்துகிறாய்?" என்று கோபப்படுவார். நாங்கள் இதைக் குறும்பு என்றே நினைத்திருந்தோம்.

குறும்பு இல்லை. ஒரு காக்லியாவில் முடிச் செல்கள் ஏறத்தாழ 15,000தான். கண்ணின் செல்கள் கோடிக்கணக்கு, காதுக்கு இந்தக் கைப்பிடிதான். அதில் 3,500 உள்வரிசையில் நின்று நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசையின் 12,000 செல்கள் செய்வதுதான் எனக்கு அதிசயம்: ஒலிக்கேற்ப அவையே நீண்டும் சுருங்கியும் ஆடி, மெல்லிய ஒலியைப் பெருக்குகின்றன. அந்த ஆட்டத்தின் எதிரொலி காதிலிருந்து வெளியேயும் வரும். டேவிட் கெம்ப் 1978-இல் அதைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தையின் காதில் கருவி வைத்துச் சோதிப்பது அந்த எதிரொலியைத்தான்.

இரைச்சல் முதலில் கெடுப்பது இந்த வெளிவரிசையை. மெல்லியது கேட்காது, பலமானது பழையபடியே பலமாக இருக்கும். அதனால்தான் அப்பா ஒரே நிமிடத்தில் "கேட்கவில்லை" என்றும் "கத்தாதே" என்றும் சொல்கிறார். பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது மேல் சுருதியில்தான், கேட்கும் திறன் முதலில் சரியும். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை மேல் சுருதியில் இருக்கிறது, அ, ஆ எல்லாம் கீழே. ஆகவே பேச்சு கேட்கும், சொல் புரியாது.

செத்த செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது! பக்கத்துச் செல்களே புதிய முடிச் செல்லாக மாறிக்கொள்ளும். எதிரே கோழிக்கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இரைச்சல் மட்டும் காரணம் இல்லை. கிருமித் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள், இழை சாயும்போது திறக்கும் அந்த வாசல் வழியாகவே நுழைந்து செல்லைக் கொல்லக்கூடும். இரு காதிலும் சமநிலைச் செல்கள் போனால், நடக்கும்போது கடைப் பலகையெல்லாம் குதிப்பதுபோலத் தெரியும். நாம் செய்த சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல ஆகிக் கேட்காமல் போனால், அழுக்கு என்று நினைத்து எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சில நாட்களுக்குள் போனால் ஸ்டீராய்டு மருந்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு.

அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கியாயிற்று. முதல் நாளே குக்கர் விசில் ஊசியாய்க் குத்துகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அது அவர் பிடிவாதம் இல்லை, பலமான ஒலிக்கு அளவு சரியாக வைக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் கூட்டிப் போகிறேன். அம்மா பெரிய பானையைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டார். கல் திரும்பவும் கழலலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதற்காகத்தான். அத்தை இன்னும் இஞ்சிச் சாறு கொடுத்து அனுப்புகிறார். ருசியாக இருக்கிறது, நான் குடித்துவிடுகிறேன்.