துர்காபூரில் வரைந்தது, மொஹாலியில் ஓடியது

நண்பர்களே, இன்று ஒரு டிராக்டரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். பானெட்டில் ‘ஸ்வராஜ்’ என்று எழுதியிருக்குமே, அந்த டிராக்டர்.

1960-களில் இங்கே டிராக்டர் செய்தவர்கள் வெளிநாட்டு வடிவமைப்பை வாங்கித்தான் செய்தார்கள். டாஃபேவுக்கு மாஸி ஃபெர்குசன், மஹிந்திராவுக்கு அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அந்தக் காலத்தில், 1965-இல், மேற்கு வங்காளத்தில் இருக்கும் துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சில பொறியாளர்கள் நாமே ஒன்றை வரைவோம் என்று உட்கார்ந்தார்கள்.

சாதாரண வேலையா அது? பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்டை மட்டும் பாருங்கள். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் இழுவை கூடும். அதை டிராக்டரே உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்க வேண்டும். மண் இளகியதும் பழைய ஆழத்துக்கு இறக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், இல்லையென்றால் உழவு மேலோடு போய்விடும். இதையெல்லாம் நம் ஆட்கள் சொந்தமாக யோசித்துச் செய்தார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

சரி, வரைந்தாயிற்று. யார் தயாரிப்பது? மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் டிராக்டரில் இறங்கியபோது செக்கோஸ்லோவாக்கியாவின் செட்டார் டிராக்டர் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. துர்காபூர் வரைபடத்தை நம்பியது பஞ்சாப் மாநிலம். அங்கே பசுமைப் புரட்சி சூடு பிடித்த நேரம். கோதுமையை அறுத்த கையோடு அடுத்த பயிருக்கு உழுதாக வேண்டும், மாட்டை நம்பி முடியாது. 1970-இல் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியில் பஞ்சாப் டிராக்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. வரைந்த குழுவை வழிநடத்திய சந்திர மோகனே மொஹாலிக்கு வந்து தொழிற்சாலையையும் கட்டி எழுப்பினார். காகிதத்தில் போட்ட கோட்டுக்கு வயலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்று ஆனது. இந்த நிறுவனம் நிலைத்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1974-இல் ஸ்வராஜ் 724 வெளிவந்தது. 25 குதிரைத்திறனை ஒட்டிய சின்ன வண்டி. அப்புறம் 735, 1980-இல் கம்பைன் அறுவடை இயந்திரம், 1983-இல் 855.

2003-இல் மாநிலம் தன் பங்கை விற்றது. எனக்கு அதில் வருத்தம்தான். 2007-இல் நிறுவனம் மஹிந்திராவின் கைக்குப் போனது, 2009-இல் அதோடு இணைந்தது. பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. மொஹாலியிலிருந்து வரும் வண்டியின் பானெட்டில் இன்றும் ஸ்வராஜ் என்றுதான் எழுதியிருக்கிறது.