பி.பி. எண்ணும் இரண்டாவது கணினியும்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முகவரி அட்டையில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, அருகில் பி.பி. என்று எழுதிவிடுவோம். அழைப்பு வந்தால் அந்த வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து, "உங்களுக்குப் போன்" என்று குரல் கொடுப்பார். எண் அவர்களுடையது, பேச்சு நம்முடையது. ஒரு கணினியின் இணைய இணைப்பில் இன்னொரு கணினியும் பங்கு பெறுவது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

என் அக்கா மகள் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் வைஃபை வசதி கிடையாது. அவளுடைய மடிக்கணினியோ வைஃபையில் இணையத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "இதற்கும் இணையம் வர என்ன வாங்க வேண்டும், மாமா?" என்று கேட்டாள். ஒரு லேன் கேபிள் போதும் என்றேன். முன்பு இரண்டு கணினிகளை நேராக இணைக்கக் கிராஸ் கேபிள் என்று தனியாகக் கேட்டு வாங்குவோம். இப்போது இரண்டில் ஒன்று ஓரளவு புதியதாக இருந்தாலே சாதாரணக் கேபிள் போதும்.

விண்டோஸில் இணைய இணைப்பைப் பகிரும் இந்த வசதி 1999 முதல் இருக்கிறது. மடிக்கணினியின் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகளைத் திறந்தால் வைஃபை, ஈதர்நெட் (அதாவது கேபிள் வழி இணைப்பு) என்று இரண்டு தெரியும். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டாவது கணினி ஈதர்நெட்டில் மாட்டியிருக்கிறதே என்று அதைத் தொடுவார்கள். அது தவறு. இணையம் எந்த வழியாக உள்ளே வருகிறதோ அதைத்தான் பகிர வேண்டும். எங்களுக்கு அது வைஃபை. அதன் ப்ராப்பர்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய் முதல் கட்டத்தில் டிக் போட்டோம். உடனே மடிக்கணினியின் கேபிள் பக்கம் 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டது.

ஆனாலும் மேசைக் கணினியில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. தேடிப் பார்த்தால், அது முன்பு ஓர் அலுவலகத்தில் இருந்தபோது யாரோ கையால் பதித்த முகவரி அப்படியே இருந்தது. ஐ.பி. முகவரி (வலையில் கணினிக்கு உரிய எண்), டி.என்.எஸ். (தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) இரண்டையும் 'தானாகப் பெறு' என்று மாற்றியதும் இணையம் வந்துவிட்டது. உங்கள் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், யாரும் அதற்கு முகவரி தரவில்லை என்று பொருள். கேபிளையும் அந்த டிக்கையும் மறுபடி பாருங்கள்.

உள்ளே நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ஐ.பி.வி4 என்ற பழைய முகவரி முறையில் உலகத்துக்கே கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். அது போதாது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, ஒரு முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இயங்கும் வழியை 1994-இல் எழுதி வைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் புழக்கத்துக்கு மட்டும். வெளியே அவை செல்லாது. மேசைக் கணினி ஒரு பக்கத்தைக் கேட்டால், மடிக்கணினி அதைத் தன் பெயரில் வெளியே கேட்கிறது, யாருக்காகக் கேட்டோம் என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் இப்படி எத்தனையோ குறிப்புகள்!

பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் கேட்காமலே வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால், யாருக்கு என்று அவருக்குத் தெரியும். மடிக்கணினியிடம் அதற்குக் குறிப்பு இருக்காது, ஆகவே உள்ளே விடாது. இரண்டாவது கணினிக்கு இது ஒரு காவல். ஆனால் வெளியூரிலிருந்து அந்தக் கணினியை இயக்க நினைப்பவர்கள் அதற்கென்று தனியாக வழி அமைக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மடிக்கணினி உறங்கப் போனால் மேசைக் கணினிக்கும் இணையம் இல்லை. பவர் அமைப்பில், மின்சாரத்தில் மாட்டியிருக்கும்போது மூடியை மூடினாலும் உறங்காதபடி மாற்றி வையுங்கள். அணைத்துப் போட்ட பின் பகிர்வு நின்றுபோயிருந்தால், அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.