கேமரா போன் வாங்கறதுக்கு முன்னாடி லென்ஸை விரலால மூடிப் பாருங்க

வணக்கம் நண்பர்களே. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டறேன், இந்த போன் ஸ்கிரீனை மட்டும் பாருங்க. ஜூமை மூணு மடங்குல வெச்சிருக்கேன். எதிர்ல ஜன்னலோரத்துல ஒரு செடி தெரியுதில்லையா? இப்ப பின்பக்கம் ஜூமுக்குன்னே இருக்கற டெலி லென்ஸை விரலால மூடறேன். மூடிட்டேன். செடி அப்படியேதான் தெரியுது. சரி, விரலை எடுத்துட்டு மெயின் லென்ஸை மூடறேன். இப்ப பாருங்க, மொத்தமா இருட்டாயிடுச்சு.

அப்போ ஸ்கிரீன்ல 3எக்ஸ்னு போட்டிருந்தாலும் படம் எடுக்கறது மெயின் கேமராதான். வெளிச்சம் கம்மியா இருக்கறதால, அதோட படத்தை நடுவுல வெட்டிப் பெருசாக்கிக் குடுக்குது. இருங்க, லைட்டைப் போடறேன். மறுபடி டெலி லென்ஸை மூடறேன். இப்ப இருட்டாகுது பாருங்க.

இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். டெலி லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற, வெளிச்சத்தைப் படமாப் பதியற சென்சார் பெரும்பாலும் மெயின் சென்சாரை விடச் சின்னது. கம்மி வெளிச்சத்துல அதுல எடுத்தா படம் பூரா புள்ளி புள்ளியாத்தான் வரும். அதனால போன் மாத்திக்கறது நியாயம்தான். ஆனா எவ்வளவு வெளிச்சத்துல மாத்துதுன்னு நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கணும். பகல்ல வீட்டுக்குள்ளயே மாறிடுதுன்னா, அந்த லென்ஸ் உங்களுக்கு வெயில்ல மட்டும்தான் உதவும். பெட்டி மேல இதை யாரும் எழுத மாட்டாங்க. விரல் வெச்சுப் பார்த்தா பத்து செகண்டுல தெரிஞ்சிடும்.

இந்த போனை மூணு வாரமா வெச்சிருக்கேன். என்ன கம்பெனி, என்ன மாடல்னு இன்னைக்குச் சொல்லப் போறதில்லை. நான் காட்டற சோதனைகளை நீங்க எந்த போன்லயும் பண்ணிப் பார்க்கணும், அதுக்காகத்தான்.

நான் ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு சொல்லிடறேன். என் அக்கா பொண்ணு முதல் தடவை பின்னாடி யாரும் பிடிக்காம சைக்கிள் ஓட்டினா. நான் அப்போ வெச்சிருந்தது வேற போன். ரெக்கார்ட் பட்டனைத் தொட்டேன், போனைத் தூக்கிப் பிடிச்சேன், அவ தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. அப்புறம் திறந்து பார்த்தா ஒரே ஒரு செகண்ட் வீடியோதான் இருந்துச்சு. வியர்த்த விரல், ஒரு தடவை தொட்டது ரெண்டு தடவையாப் பதிஞ்சு, ஆரம்பிச்ச உடனே நின்னு போச்சு. அந்த போன்ல கேமரா நல்லா இருந்துச்சு, சென்சார் நல்லா இருந்துச்சு. அவ ஓட்டினது மட்டும் எங்கிட்ட இல்லை. இன்னும் மனசு ஆறலைங்க.

அதுலேர்ந்து நான் கேமராவைப் பார்க்கறதுக்கு முன்னாடி டச்சைத்தான் பார்ப்பேன். தனி கேமரான்னா பிடிக்க ஒரு பிடி, அமுக்க ஒரு பட்டன், திருப்ப ஒரு வளையம் இருக்கும். போன்ல அது எல்லாமே இந்தக் கண்ணாடிதான். 2007ல எல்ஜி வியூட்டின்னு ஒரு டச் போன் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? 5 மெகாபிக்சல், 3 இன்ச் ஸ்கிரீன். பின்னாடி லென்ஸைச் சுத்தி நிஜமாவே ஒரு வளையம், திருப்பினா ஜூம் ஆகும். பக்கவாட்டுல போட்டோ எடுக்கத் தனி பட்டன். ஸ்லோ மோஷனுக்காக செகண்டுக்கு 120 ஃப்ரேம் வீடியோ கூட எடுக்கும், படம் வெறும் 320க்கு 240 பிக்சல்தான்னாலும். அதோட ஸ்கிரீன் அழுத்தத்துல வேலை செய்யறது, நகத்தால அழுத்தினாக் கூடப் பதியும். இப்ப இருக்கற ஸ்கிரீன் விரல் மின்சாரத்தைக் கடத்தறதை வெச்சு வேலை செய்யறது. ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும்ல? அதான் வியர்வை விரல்ல தடுமாறுது.

சோதனை ரொம்ப சுலபம். விரலைத் தண்ணில தொட்டுட்டு, லேசா உதறிட்டு ரெக்கார்டைத் தொடுங்க. பத்து தடவை. இந்த போன்ல பத்துக்கு ஒன்பது சரியாப் பதிஞ்சுது. தொட்ட உடனே கையில ஒரு சின்ன அதிர்வு வருது, ஓடற நேரம் சிவப்புல பெருசாத் தெரியுது, கொளுத்தற வெயில்லயும் தெரிஞ்சுது. எனக்கு இதுதான் முதல் மார்க். அதே மாதிரி வால்யூம் பட்டனை அமுக்கினாலும் ரெக்கார்ட் ஆரம்பிக்கற மாதிரி வெச்சுக்கலாம். உங்க போன்லயும் இருக்கான்னு செட்டிங்ஸ்ல தேடுங்க, இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.

அடுத்து போனைப் படுக்க வெச்சுப் பிடிங்க. உள்ளங்கை ஓரத்துல பட்டு ஜூம் ஆகுதா, மோட் மாறுதான்னு பாருங்க. இதுல மாறுது. ஓரம் வளைஞ்ச கண்ணாடி, அழகா இருக்கு, ஆனா மூணு வாரத்துல நாலு தடவை நான் தொடாமலே லென்ஸ் மாறிடுச்சு. எனக்கு இது பிடிக்கலை.

ஃபோகஸ், வெளிச்சம் ரெண்டையும் பூட்டிப் பார்க்கணும். முகத்துல விரலை அழுத்திப் பிடிச்சா லாக் ஆகுது. இப்ப ரூம்ல இருந்து வெளிய நடக்கறேன், லாக் இல்லாம. வாசலைத் தாண்டும்போது கவனிங்க. முதல்ல எல்லாம் வெளுத்து, அப்புறம் ஒரே மூச்சுல இறங்காம, படிப்படியா இறங்குது. கண்ணை உறுத்தலை. சில போன்கள்ல இந்த இடத்துல வெளிச்சம் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். போட்டோ எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த போன் வீடியோவுக்கு ஆகாது.

ராத்திரி நடந்துட்டே அல்ட்ரா வைடுல, அதாவது ரொம்ப அகலமாப் பிடிக்கற லென்ஸ்ல, எடுத்ததைப் போடறேன். தெருவிளக்கெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் துடிக்குது பார்த்தீங்களா? இது சாஃப்ட்வேர்ல மட்டும் ஆட்டத்தைக் குறைக்கும்போது வர்றது. ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும்போதே கலங்கிடுது, அப்புறம் ஃப்ரேமை நகர்த்தி அடுக்கினா ஆட்டம் போகும், கலங்கல் போகாது. லென்ஸே உள்ள அசைஞ்சு குடுக்கற ஓஐஎஸ் இருந்தா பாதி பிரச்சினை அங்கயே தீரும். இந்த போன்ல மெயின் லென்ஸுக்கு ஓஐஎஸ் இருக்கு, அதுல எடுத்தது இதோ, ரொம்ப மேல். அல்ட்ரா வைடுக்கு இல்லை. அதனால ராத்திரி அல்ட்ரா வைடுல வீடியோ எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

லைட்டு மினுக்கறதைப் பத்திக் கேட்டிருந்தீங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல சில விளக்குகள் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, வீடியோல கோடு கோடாத் தெரியும். எல்லாத்தையும் நாமளே செட் பண்ற புரோ மோட்ல ஷட்டரை ஒரு செகண்டுல 50ல ஒண்ணு, இல்லைன்னா 100ல ஒண்ணுன்னு வெச்சா வீடியோல அந்தக் கோடு போயிடும். 60 ஹெர்ட்ஸ் இருக்கற ஊர்ல 60ல ஒண்ணு, 120ல ஒண்ணு.

மெகாபிக்சலுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். 50 மெகாபிக்சல்னு விக்கறது சாதாரணமா நாலு புள்ளியை ஒண்ணாச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் குடுக்கும். 200னு இருக்கறது 16 புள்ளியைச் சேர்த்தா அதுவும் அதே 12.5தான். சென்சார் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க.

ஸ்டோரேஜை மட்டும் கணக்குப் போட்டு வாங்குங்க. 4கே வீடியோ செகண்டுக்கு 50 மெகாபிட்ல பதியுதுன்னு வெச்சுக்குவோம். ஒரு நிமிஷத்துக்கு 375 எம்பி. அரை மணி நேரத்துக்கு 11 ஜிபிக்கு மேல. மெமரி கார்டு போட இடமில்லாத போன்ல 128 ஜிபி சீக்கிரம் தீரும்.

கடைசியா ஒண்ணு, எனக்கு ரொம்ப முக்கியமானது. தோல் நிறம். என்னை மாதிரி கருப்பா இருக்கறவங்களை சில போன்கள் கேட்காமலே வெளுத்துக் காட்டும். பியூட்டி மோடை அணைச்சாலும் வெளுக்கும். இதைப் பாருங்க, என் கையும் முகமும் ஒரே ஃப்ரேம்ல. முகத்தை மட்டும் தூக்கி விடலை, ரெண்டும் ஒரே நிறம். முன் கேமராலயும் அப்படித்தான். என் முகம் என் முகமாவே இருக்கு. இதுக்காகவே அந்த வளைஞ்ச ஓரத்தைப் பொறுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். போனை வெச்சுக்கறேன்.

போன வாரம் அக்கா பொண்ணு மறுபடி வந்திருந்தா. இப்ப ஒரு கையை விட்டுட்டு ஓட்டறா. ரெக்கார்டைத் தொட்டேன், கையில அந்த அதிர்வு வந்துச்சு, நேரம் ஓடறதை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் நிமிர்ந்தேன். 4கே, மெயின் லென்ஸ், கலர் எதுவும் திருத்தலை, பின்னாடி மியூசிக் சேர்க்கலை. டயர் சரளைக்கல்லுல உருள்ற சத்தமும் அவ "மாமா, பாரு!"ன்னு கத்தறதும் போன் மைக்கே பிடிச்சது. 42 செகண்ட், முழுசாப் போடறேன்.