உடைந்ததா, உடைத்தானா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் வீற்றிருக்கும் பெருமக்களுக்கும், இந்த நேரத்திலும் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஊராருக்கும் என் வணக்கம்.

‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’ என்னும் பாட்டு உணர்த்துவது உடம்பின் நிலையாமையையா, அருமையையா என்பது இன்றைய தலைப்பு. அருமையையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஆண்டி என்பது உயிர், குயவன் என்பவன் பிரமன், நாலாறு மாதம் என்பது நாலும் ஆறும் கூடிய பத்து மாதம், தோண்டி என்பது உடம்பு என்று வழிவழியாக வரும் பொருளை அழகாக விரித்துவிட்டு, ‘ஆகவே உடம்பு வெறும் மண்பாண்டம், உடைவதே அதன் இயல்பு’ என்று முடித்தார். அவர் சொன்ன பொருளில் எனக்கு மறுப்பில்லை. அந்த ‘ஆகவே’யோடுதான் எனக்கு வழக்கு.

கடுவெளிச் சித்தரின் அந்தக் கண்ணியை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தான்ஒரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி.

தோண்டி உடைந்தது என்று கவி பாடவில்லை. உடைத்தான் என்கிறார், அதுவும் போட்டு உடைத்தான் என்கிறார். உடைதல் தன்வினை, உடைத்தல் பிறவினை. வீட்டில் பிள்ளை ஓடிவந்து ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்றால், ‘தானாக உடைந்ததா, நீ உடைத்தாயா?’ என்று மடக்குகிற நாம், பாட்டு என்று வந்தால் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவானேன்?

கவி நிலையாமையையே பாடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கு முந்தைய கண்ணி, ‘நீர்மேற் குமிழிஇக் காயம் – இது நில்லாது போய்விடும் நீஅறி மாயம்’ என்பதுதான். எதிரணித் தலைவர் அதைத் தமக்குப் பெரிய ஆயுதமாக எடுத்து வீசினார்; எனக்கும் அதுவே ஆயுதம். குமிழியை யாரும் வனைவதில்லை, யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் உடைப்பதும் இல்லை. அது தானாகத் தோன்றித் தானாக மறைகிறது. நிலையாமையை அந்த உவமையிலேயே சொல்லி முடித்துவிட்ட கவி, அடுத்த கண்ணியில் உவமையை மாற்றுகிறார். இங்கே வனைகிறவன் ஒருவன் வருகிறான், அவனிடம் மாதக்கணக்கில் கெஞ்சுகிறவன் ஒருவன் வருகிறான், கெஞ்சி வாங்கியவனே உடைக்கவும் செய்கிறான். சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

இனி, என்னை நெடுநாள் உறுத்திய ஒன்று. ஆண்டியைக் கவி ஏன் நந்தவனத்தில் கொண்டுபோய் வைத்தார்? நிலையாமைதான் சொல்ல வேண்டுமென்றால் சுடுகாடு இருக்கிறது, சத்திரத்துத் திண்ணை இருக்கிறது. பொருள் சொல்லுகிறவர்கள் நந்தவனம் என்றால் உலகம் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் நந்தவனம் என்பது பொழுதுபோக்கும் பூங்காவன்று. கோயில் பூசைக்கும் மாலைக்கும் மலர் தருவதற்கென்றே வளர்க்கும் தோட்டம். அங்கே இருக்கும் ஆண்டிக்கு வேலை இருக்கிறது. விடியுமுன் எழுந்து கிணற்றில் நீர் சேந்தி, அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் ஊற்றி, பூப் பறித்துத் தொடுத்துச் சன்னதிக்குச் சேர்க்க வேண்டும். தோண்டி என்பதோ கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி நீர் சேந்தும் சிறு குடம். பிச்சை ஏற்பதுதான் அவன் நோக்கமென்றால் திருவோடே போதும். குயவன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அவன் தோண்டி கேட்டது செடிக்கு நீர் வார்க்க என்றே நான் கொள்கிறேன். இது என் சொந்தப் பொருள்தான். ஆனால் இப்படிப் படித்தால்தான் நந்தவனம், ஆண்டி, தோண்டி என்ற மூன்றும் எதுகைக்காகக் கூடியவையாக இல்லாமல் ஒரே காரியத்தில் கூடி நிற்கின்றன. தோண்டி உடைந்த அன்று நீர் காணாமல் நின்ற செடிகளும் அந்தத் தோட்டத்தில் இருந்திருக்கும். அவற்றைக் கவி பாடவில்லை. நாமே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

நாலாறு என்றால் இருபத்துநான்கு அல்லவா என்று எதிரணியில் ஓர் அன்பர் இடையில் கேட்டார். நியாயமான கேள்வி. இதே பாட்டில் சற்றுத் தள்ளி ‘அறம் நாலெட்டில் ஒன்றேனும்’ என்று வருகிறது; அங்கே நாலெட்டு என்பது பெருக்கி வந்த 32 அறங்கள்தாம். ஆனால் திருமூலர் எட்டும் இரண்டும் கூடிய பத்தை ‘இருமூன்று நான்கு’ என்று பாடுகிறார்; இருமூன்றைப் பெருக்க வேண்டும், நான்கைக் கூட்ட வேண்டும், ஒரே தொடரில் இரண்டு கணக்கும் நடக்கிறது. ஆகவே பத்து என்று கொள்வதற்குத் தமிழ் மரபு இடம் தருகிறது. கருவில் இருக்கும் 280 நாள் என்பதும் 28 நாள் கொண்ட பத்து மாதமே. இல்லை, 24 என்பதுதான் சரி என்றால் எனக்கு இன்னும் நல்லது. எத்தனை மாதம் கூடுகிறதோ அத்தனைக்கு அந்தத் தோண்டியின் அருமையும் கூடுகிறது.

மானாமதுரையில் வேளார் ஒருவர் பானை வனைவதை ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடியே இல்லை. அதைச் சற்று உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுகிறார். பிறகு நிழலில் காய வேண்டும், சூளையில் வேக வேண்டும். அதே ஊரில் செய்யும் கடங்கள் கச்சேரி கச்சேரியாக அடி வாங்கியும் உடையாமல் இருக்கின்றன. தாளம் தெரிந்தவன் கையில் மண்பாண்டத்தின் ஆயுள் எவ்வளவு என்பதை எதிரணியினர் எண்ணிப் பார்க்கட்டும். ‘மெத்த’ என்ற சொல்லைக் கவி வீணாகப் போடவில்லை. ஆண்டி ஆடியதுகூடக் குற்றமில்லை, கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் ஆடுவார்கள். அளவு தெரியாமல் ஆடியதுதான் குற்றம்.

இன்னொன்று, பாட்டின் குரல். ‘உடைத்தாண்டி’ என்பதில் உடைத்தான் என்ற வினைக்குப் பின்னே ஓர் ‘அடி’ ஒட்டியிருக்கிறது. பல்லவியில் மனத்தை விளித்த கவி, இங்கே கிணற்றடியில் தோழியிடம் ஊர்ச் சேதி சொல்லும் பெண்ணின் குரலை எடுத்துக்கொள்கிறார். ஒப்பாரியின் குரல் இப்படி இராது. ‘கேட்டாயாடி, அந்த ஆண்டி செய்த காரியத்தை!’ என்னும் சிரிப்பும் ஆற்றாமையும் இதில் கலந்திருக்கின்றன. அந்தச் சிரிப்பு ஆண்டியைப் பார்த்துச் சிரிப்பது. தோண்டியைப் பற்றி இழிவாக ஒரு சொல்கூட அந்த நான்கு அடிகளில் இல்லை.

எதிரணித் தலைவர் மட்டும் தம் உரையில் தோண்டியை ஓட்டைப் பாண்டம் என்றார், அழுக்குப் பாண்டம் என்றார், நாறும் பாண்டம் என்றார். ஆண்டி பாட்டோடு ஏட்டை மூடிவிட்டார் போலும். அடுத்த கண்ணி ‘தூடணமாகச் சொல்லாதே’, அதாவது பழித்துப் பேசாதே, என்றுதான் தொடங்குகிறது. யாரைத் தூடணம் செய்யக்கூடாது என்று கவி பட்டியல் தரவில்லை. அந்தப் பட்டியலில் தோண்டியையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவரைக் கேட்டுக்கொண்டு, நடுவரிடம் எங்கள் வழக்கை ஒப்படைத்து அமர்கிறேன். வணக்கம்.