மூன்று சுளைகள்

அனைவருக்கும் வணக்கம். இந்த மேசையில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் பலாச்சுளை, ஒன்றில் கமலா ஆரஞ்சுச் சுளை, இன்னொன்றில் சீத்தாப்பழச் சுளை. ஆடி மாதக் கடைசி என்பதால் பலா முடிவதும் சீத்தா வருவதும் சரியாக இருந்தது. மூன்றும் ஒரே சந்தையில் கிடைத்துவிட்டன. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்தான்: சுளை. சாப்பிடுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் தாவரவியல் படித்த ஒருவர் முன்னால் இவற்றை வைத்தால், மூன்றும் பிறப்பிலேயே வேறு என்பார். அது ஏன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

எந்தப் பழத்தைக் கையில் எடுத்தாலும் தாவரவியலாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது பூவில் என்னவாக இருந்தது?" என்பதுதான். பூவின் நடுவில் சூற்பை இருக்கிறது. அதற்குள் சூல்கள். கருவுற்ற பிறகு சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது. இந்தக் கணக்கில் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் பூசணியும் பச்சை மிளகாயும் கனிகளே. காய், பழம் என்று பிரிப்பது சமையலறைக்கு வேண்டியது. கனி என்பது பூவிலிருந்து எண்ணப்படுவது.

அந்தச் சூற்பை எதனால் ஆனது? அவரைக்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். ஓர் இலையை நீளவாக்கில் மடித்து, இரண்டு விளிம்புகளையும் ஒட்டி, ஒட்டிய இடத்தில் விதைகளை வரிசையாகத் தொங்கவிட்டதுபோல இருக்கும். அப்படி மடிந்த ஒன்றுக்குச் சூலக இலை என்று பெயர். அவரைக்கு ஒரே ஒரு சூலக இலை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறைகள் தெரிகின்றனவே, அவை ஒட்டிப் பிறந்த ஐந்து சூலக இலைகள். வாழைப்பழத்தை உரித்து நுனியில் விரலால் மெல்ல அழுத்தினால் அது நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். அதற்கு மூன்று.

சரி, தட்டுக்கு வருவோம். ஆரஞ்சு ஒரே பூவிலிருந்து வந்தது. அந்தப் பூவில் பத்துப் பன்னிரண்டு சூலக இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நாம் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு சுளையும் ஒரு சூலக இலை. அதற்குள் சாறு நிரம்பிய சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன அல்லவா, அவை சுளையின் உள்சுவரிலிருந்து முளைத்து, சாறு கோத்து வீங்கிய மயிர்கள். இது தனிக்கனி.

சீத்தாவும் ஒரே பூதான். ஆனால் அதன் சூலக இலைகள் பூவில் தனித்தனியாக நின்றவை. காய்த்த பிறகு நெருங்கி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மேல்தோலில் தெரியும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சூலக இலை. பழுத்ததும் அவை மறுபடி பிரிந்துவிடும். அதனால்தான் கை பட்டாலே சீத்தா உதிர்கிறது. இது திரள்கனி.

பலாவில் நடப்பதே வேறு. ஒரு பலாப்பழம் ஒரு பூ அல்ல. நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்ற பூங்கொத்து அது. பழத்தின் நடுவே ஓடும் தண்டு அந்தப் பூங்கொத்தின் காம்பு. வெளியே குத்தும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூக்கள் சுளையாயின. கருவுறாதவை, நாம் பிய்த்து எறியும் சடையாயின. சுளையின் சதைகூடச் சூற்பையிலிருந்து வந்ததல்ல, அது பூவிதழ் தடித்து இனித்தது. கொட்டையைச் சுற்றி வழுவழுவென்று ஒரு மெல்லிய பை இருக்கிறதே, உண்மையான கனிச்சுவர் அதுதான். இது கூட்டுக்கனி. ஆக, ஆரஞ்சிலும் சீத்தாவிலும் ஒரு சுளை என்பது ஒரு சூலக இலை. பலாவில் ஒரு சுளை ஒரு முழுப் பூ.

பலாவின் உறவு அத்தி. அங்கே பூங்கொத்து உட்புறமாகக் குழிந்து மூடிக்கொண்டது. பூக்கள் எல்லாம் உள்ளே. சிறு குளவி ஒன்று நுனித் துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அதிசயமாக ஒன்று நடந்தால் "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அத்தி பூக்கத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. அத்திப்பழம் தின்னும்போது பல்லில் நெறுநெறுக்கிறதே, அந்த ஒவ்வொரு மணியும் ஒரு கனி.

அடுத்து, கனியின் சுவர். அதில் மூன்று அடுக்குகள்: வெளித்தோல், நடுத்தோல், உள்தோல். மாம்பழத்தில் தோல், சதை, கொட்டையின் ஓடு என்று மூன்றும் தெளிவாகத் தெரியும். மாங்கொட்டை விதை அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த ஓடு கனிச்சுவரின் உள் அடுக்கு; உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்புதான் விதை. இப்படி உள்ளே ஓடு வைத்த கனியை உள்ளோட்டுத் தசைக்கனி என்பார்கள். தேங்காயும் இதே வகைதான். மட்டை நடுத்தோல், சிரட்டை உள்தோல், பருப்பும் தண்ணீரும் விதைக்குள் இருக்கும் உணவு. நம் முன்னோர் இந்த அடுக்குகளை விரலால் தடவியே அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. மெல்லியது தொலி, அதைவிடத் தடித்தது தோல், வன்மையானது ஓடு, தேங்காய்க்கு மட்டை, நெல்லுக்கு உமி. பிஞ்சுக்கும் அப்படித்தான்: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை.

தேங்காயின் மூன்று கண்களையும் பார்த்திருப்பீர்கள். தென்னம்பூவின் சூற்பையில் மூன்று சூலக இலைகள். அவற்றில் ஒன்றுதான் விதை தரும், மற்ற இரண்டும் வளராமல் நின்றுவிடும். கண்கள் மூன்றும் அந்த மூவரின் அடையாளம். முளை வருவது மென்மையான ஒரு கண் வழியாக மட்டும். பனையில் பெரும்பாலும் மூன்றுமே விளைந்துவிடுகின்றன. அதனால்தான் ஒரு பனங்காயைச் சீவினால் மூன்று நுங்கு.

எல்லாக் கனியும் சதைப்பற்றுள்ளதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எள்ளும் பருத்தியும் காய்ந்து வெடிக்கும் கனிகள். நிலக்கடலை, பூத்த பின் விழுதை மண்ணுக்குள் இறக்கி அங்கே காய்க்கும் கனி. நாம் தினமும் உண்ணும் அரிசியும் கனிதான்! ஒவ்வொரு நெல்மணியிலும் கனிச்சுவரும் விதையுறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போயிருக்கின்றன. உமி பூவைச் சுற்றியிருந்த செதில். அரிசியைத் தீட்டும்போது தவிடோடு போவதில்தான் அந்தக் கனிச்சுவர் இருக்கிறது.

சரி, பெயர் தெரியாத காய் ஒன்று காட்டுப் பாதையில் கிடக்கிறது. என்ன செய்வது? முதலில் காம்பைப் பாருங்கள். கத்திரிக்காயின் தொப்பிபோல, புல்லிவட்டம், அதாவது பூவின் வெளி இதழ் வட்டம், காம்புப் பக்கம் இருந்தால் சூற்பை பூவின் மற்ற உறுப்புகளுக்கு மேலே இருந்தது. கொய்யாவின் அடியிலோ மாதுளையின் கிரீடத்திலோ இருப்பதுபோல மறுமுனையில் இருந்தால் கீழே இருந்தது. இந்த ஒரே தழும்பு பல குடும்பங்களைக் கழித்துவிடும். மங்குஸ்தானின் அடியில் பூப்போல ஒரு தழும்பு உண்டு. அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று வெட்டாமலே சொல்லலாம். அப்புறம் குறுக்கே ஒரு வெட்டு: எத்தனை அறைகள், விதைகள் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன? ஆற்றங்கரை மருத மரத்தை அடையாளம் காண, கீழே கிடக்கும் காயில் ஐந்து சிறகுகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.

இந்தப் பெயர்கள் எல்லாம் மனிதர் போட்ட கோடுகள்தான். கனியின் வடிவம் உறவைக் காட்டிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. முந்திரி மாமரத்தின் குடும்பம். இரண்டின் பாலும் தோலைப் பொசுக்கும். ஆனால் கனியைப் பாருங்கள். முந்திரியில் முதலில் முழு அளவுக்கு வளர்வது நுனியில் தொங்கும் கொட்டை, அதுதான் கனி. பிறகு வீங்கிச் சிவக்கும் "பழம்" வெறும் பூக்காம்பு. ஜோசப் கார்ட்னர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரினங்களின், அதாவது நெருங்கிய உறவுள்ள தாவர இனங்களைச் சேர்த்த தொகுதிகளின், கனிகளையும் விதைகளையும் ஒரு நூலில் விவரித்தார். அந்த நூலின் முதல் தொகுதி 1788இல் வெளிவந்தது. கனிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துச் செய்த வேலை அது. நான் படித்த காலத்தில் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன், ஒரு பலாவைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கையில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேசைக்கு அடியில் ஒரு முழுப் பலா இருக்கிறது. கத்தியில் எண்ணெய் தடவியாகிவிட்டது. முன்வரிசைக் குழந்தைகள் மேலே வாருங்கள். சடையைத் தூக்கி எறிந்துவிடாமல் ஓரமாக வையுங்கள். சுளையான பூக்கள் எத்தனை, ஆகாமல் போனவை எத்தனை என்று சேர்ந்து எண்ணுவோம்.